யார் கூற்று? கிறித்தவத் திரைப்படம், ஒலிநாடகம், திறந்தவெளிக் குடும்பத் துய்ப்பு: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் காப்பியம், சிற்றிலக்கியம், கீர்த்தனை, அகராதி, உரைநடை எனப் பல துறைகளில் விரிந்துள்ளன. ஆயினும் கிறித்தவக் குடும்பங்கள் கூடியிருந்து கண்டும் கேட்டும் மகிழ்ந்த திரைப்படங்களும் ஒலிநாடகங்களும் அவ்வாய்வுகளில் உரிய இடம் பெறவில்லை. அவற்றைப் 'பக்திப் படம்', 'பரப்புரைக் கருவி' என்று பெயரிட்டு விலக்கும் போக்கே மிகுதி. தொல்காப்பியம் கூறும் உவகை, அழுகை, மருட்கை ஆகிய மெய்ப்பாடுகளையும், கூற்று, கேட்போர் ஆகிய செய்யுள் உறுப்புகளையும் அளவுகோலாகக் கொண்டு, 'ஞானசௌந்தரி' (1948), 'அன்னை வேளாங்கண்ணி' (1971), 'கருணாமூர்த்தி', தமிழில் ஒலிமாற்றம் பெற்ற 'இயேசு' (1979) ஆகிய படங்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. இவற்றின் சிறப்பும் குறையும் கண்ணைவிடக் காதினாலேயே தெளிவாகப் புலப்படும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கிறித்தவத் திரைப்படம், ஒலிநாடகம், பாஸ்கா, மெய்ப்பாடு, கூற்று, கேட்போர், திறந்தவெளி, துய்ப்பு.

1. முன்னுரை

தேம்பாவணிக்கும் இரட்சணிய யாத்திரிகத்துக்கும் தமிழ் ஆய்வுலகம் செய்துள்ள பணி பெரிது. அவற்றின் அணிநலம், காப்பியக் கட்டமைப்பு, இறையியல் ஆகியன பலமுறை ஆராயப்பட்டுள்ளன. ஆனால் எழுத்தறியாத ஒரு கிறித்தவப் பாட்டி தம் வாழ்நாளில் எதைச் சுவைத்தார் என்று வினவினால் இவ்வாய்வுகளில் விடை கிடைப்பதரிது. அவர் சுவைத்தவை கூத்து, பாஸ்கா, வானொலி நாடகம், கோயில் திடலில் கட்டிய வெள்ளைத் துணியில் ஓடிய படம் ஆகியவை. அவற்றுள் பெரும்பாலானவற்றை அவர் தனியே சுவைத்தவர் அல்லர். பாய், போர்வை, குடிநீர்ச் செம்பு, உறங்கும் குழந்தை ஆகியவற்றோடு குடும்பமாகச் சென்று, திறந்த வானத்தின்கீழ் அமர்ந்து சுவைத்தார்.

இக்கட்டுரைக்கு வித்திட்டதும் அத்தகைய ஓர் இரவே. கட்டுரையாளர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, நெல்லைச் சீமையிலுள்ள தம் சிற்றூரின் கோயில் திடலில் 'இயேசு' திரைப்படம் காட்டப்பட்டது. ஆச்சிக்குப் பார்வை முற்றும் மங்கியிருந்தது. எனினும் படம் பார்க்க வருவேன் என்று பிடிவாதமாக வந்து பாயில் அமர்ந்தார். படம் ஓடிய இரண்டு மணி நேரத்தில் அவர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றே: "இப்பம் பேசுதது யாருலே?" திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பேரன் ஒவ்வொரு முறையும் விடை சொல்ல வேண்டியிருந்தது. அன்று அது தொல்லையாகவே தோன்றியது. இன்று எண்ணிப் பார்க்கையில், அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கத்தக்க முதன்மையான திறனாய்வு வினாவை ஆச்சி கேட்டார் என்பது புலனாகிறது.

2. அளவுகோல்: உவகையும் கூற்றும்

மகிழ்தல் ஆய்வுக்குரிய பொருளா என்னும் ஐயம் எழலாம். தொல்காப்பியர்க்கு அவ்வையம் இல்லை. மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கினை அவர் வகுக்கிறார். கற்பியலில், இல்லறம் நடத்தும் தலைவனும் தலைவியும் ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி, ஊரெல்லை கடந்து சென்று இன்புறுதலும் அவர்க்குரியது என்கிறார். வீட்டுக்கு வெளியே குடும்பம் கூடி மகிழ்வது இல்லறத்தின் புறம்பான பொழுதுபோக்கு அன்று, அதன் ஒரு பகுதி என்பது இதனால் பெறப்படும்.

இரண்டாவது அளவுகோல் செய்யுளியலில் உள்ளது. ஒரு செய்யுளின் உறுப்புகளுள் கூற்றும் கேட்போரும் அடங்கும். பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று அறியாமல் ஓர் அகப்பாடலின் பொருளை முழுமையாகக் கொள்ள இயலாது. ஆதலால்தான் தொகை நூல்களின் பாடல்களோடு துறைக்குறிப்புகளும் வழங்கி வருகின்றன. ஆச்சியின் வினா 'கூற்று யாருடையது?' என்பதே, பேரன் சொன்ன விடை துறைக்குறிப்பு. இந்த ஒப்புமையை நகைச்சுவைக்காக இங்குக் கூறவில்லை. பார்வையை நீக்கிவிட்டால் நாடகத்தில் எஞ்சுவது கூற்று மட்டுமே. எனவே ஒரு படத்தைக் கண்மூடிக் கேட்பது அதன் உரையாடல் வலிமையை அறியும் நேரிய சோதனையாகும்.

3. கூத்திலிருந்து திரைக்கு: ஞானசௌந்தரி

கைகள் வெட்டப்பட்ட பெண்ணின் கதை ஐரோப்பிய நாட்டார் மரபில் பரவலாக வழங்குவது. கத்தோலிக்க மறைப்பணியாளர்வழி தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் வந்த அக்கதை ஞானசௌந்தரியாகத் தமிழ் வடிவம் பெற்றது. ஈழத்துக் கத்தோலிக்கக் கூத்து மரபில் அது புகழ் பெற்றிருந்தது; பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'ஞானசவுந்தரி நாடக'த்தைப் பதிப்பித்துள்ளார். 1948இல் சிட்டாடல் நிறுவனம் எஃப். நாகூரின் இயக்கத்தில், டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடிக்க, இக்கதையைப் படமாக்கியது. அதே ஆண்டில் ஜெமினி நிறுவனமும் அதனைப் படமாக்கியது. மக்கள் ஏற்றுக்கொண்டது சிட்டாடல் படத்தையே.

இக்கதையில் அழுகை என்னும் மெய்ப்பாட்டின் நான்கு நிலைக்களன்களும் அமைந்துள்ளன. மாற்றாந்தாயின் கொடுமையால் இளிவு. கைகளை இழந்தமையால் இழவு. அரசமகள் காட்டில் அலைவதால், முன்னைய நிலை கெடுதலாகிய அசைவு. துணையற்று மக்களோடு திரிவதால் வறுமை. பின்னர் மரியன்னையின் அருளால் கைகள் மீண்டும் தோன்றும்போது அழுகை மருட்கையாக மாறுகிறது. மருட்கையின் நிலைக்களன்களுள் ஒன்று ஆக்கம். ஒன்று மற்றொன்றாகத் திரிந்து ஆவதைக் கண்டு வியத்தல் அது. இறுதியில் குடும்பம் ஒன்றுசேர்தலால் உவகை பிறக்கிறது. அயலகக் கதை தமிழ்ப் பார்வையாளருக்கு அயலாகத் தோன்றாமைக்கு, மெய்ப்பாடுகளின் இவ்வொழுங்கே காரணம் எனலாம்.

கதையின் பெருந்திருப்பங்கள் காட்டோடு பிணைந்தவை என்பதும் கருதத்தக்கது. கைகள் வெட்டப்படுவது காட்டில். இளவரசன் அவளைக் காண்பதும் காட்டில். அரண்மனை வஞ்சம் நிகழும் இடமாகவும் வெளி அருள் நிகழும் இடமாகவும் அமைகின்றன. விண்மீன்களின்கீழ்ப் பாய் விரித்து இக்கதையைக் கூத்தாகக் கண்டவர்களுக்கு, கதையின் களமும் தாம் அமர்ந்திருந்த களமும் வெகுதொலைவில் இருந்திரா.

ஆச்சியின் சோதனையில் இப்படம் வெல்லும் இடம் அதன் புகழ்பெற்ற மரியன்னைப் பாடல். பாடலின் தொடக்கத்தில் சிறுமியின் குரல் ஒலிக்கிறது. பாடல் முடியுமுன் குரல் வளர்ந்த பெண்ணுடையதாகிவிடுகிறது. ஜிக்கியின் இளங்குரலும் பி.ஏ. பெரியநாயகியின் முதிர்ந்த குரலும் அம்மாற்றத்தை நிகழ்த்துகின்றன. ஆண்டுகள் கடந்தன என்று அறிவிக்கும் எழுத்தோ உரையாடலோ இல்லாமலே காலம் கடந்ததைச் செவி உணர்கிறது. பார்வையற்றவரும் இங்கு வினாத் தொடுக்கத் தேவையில்லை.

படத்தின் குறையையும் சொல்லுதல் வேண்டும். தீமை அனைத்தும் மாற்றாந்தாய் ஒருத்தியின்மேல் ஏற்றப்படுகிறது. பொய் மடல்களை ஆராயாமல் நம்பும் ஆடவர் உலகம் எளிதில் மன்னிக்கப்படுகிறது. ஞானசௌந்தரியின் பொறுமையே அவளது முழுக் குணமாகிவிடுகிறது. குடும்பமாக அமர்ந்து காணும் படம் என்பதால் இக்குறை மேலும் எடையுடையதாகிறது. ஏனெனில் அப்பாயில் மருமகளும் மாமியாரும் சிறுமியும் ஒருங்கே அமர்ந்திருக்கின்றனர்.

4. குளமும் மரநிழலும் கடலும்: அன்னை வேளாங்கண்ணி

கே. தங்கப்பன் இயக்கிய 'அன்னை வேளாங்கண்ணி' (1971) வேளாங்கண்ணித் திருத்தலத்தின் மரபுக் கதைகளைப் பின்புலமாகக் கொண்டது. அக்கதைகள் மூன்று: பால் கொண்டுசென்ற சிறுவன் குளக்கரை ஆலமர நிழலில் அன்னையைக் கண்டது, மோர் விற்ற கால் முடமான சிறுவன் நடுத்திட்டில் நலம் பெற்றது, புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கரை சேர்ந்தது. இம்மூன்றில் ஒன்றுகூடக் கட்டடத்துக்குள் நிகழவில்லை என்பது திறனாய்வாளர் கண்ணில் படவேண்டிய செய்தி. குளம், மரநிழல், திட்டு, கடல் ஆகியவையே இங்குத் திருவிடங்கள். தொல்காப்பியர் குடும்ப இன்பத்துக்கு வகுத்த நீரும் சோலையுமே இக்கதைகளிலும் களங்களாக அமைகின்றன.

ஆகஸ்டு 29 அன்று கொடியேறி செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாகக் காவியுடுத்தி நடந்து வருவோர் ஏராளம். இவர்களுக்கு வேண்டுதலும் விளையாட்டும் வேறுவேறானவை அல்ல. சாலையோரச் சமையலும் கடற்கரையில் கால் நனைத்தலும் பயணத்தின் பகுதிகளே. இத்தகைய குடும்பத்துக்குப் படம் ஒரு முன்னறிமுகமாகவும் பின்னினைவாகவும் அமைகிறது. குளத்தைக் காட்டி 'படத்தில் வந்தது இதுதான்' என்று தந்தை மகளுக்குச் சொல்லும்போது படத்தின் பொருள் அரங்குக்கு வெளியே நிறைவடைகிறது. பக்திப் படத்தின் கலைமதிப்பைத் திரைச் சட்டகத்துக்குள் மட்டும் தேடும் திறனாய்வு இந்நிறைவைக் காணத் தவறிவிடும்.

5. ஒரே நற்செய்தி, இரண்டு இயேசுக்கள்

தெலுங்கில் 1978இல் வெளிவந்து, தமிழில் 'கருணாமூர்த்தி' என்று வழங்கிய 'கருணாமயுடு' படத்தில் விஜயசந்தர் இயேசுவாக நடித்தார். அதன் இயக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்தவர் ஏ. பீம்சிங். 'பாசமலர்', 'பாவ மன்னிப்பு' (இரண்டும் 1961) ஆகிய படங்களால் தமிழ்க் குடும்பப் படத்தின் இலக்கணத்தையே வகுத்தவர் அவர். படம் வெளிவந்த 1978ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். சிலுவைப் பயணத்தை நீண்டதொரு பாடலாக அமைத்த இப்படத்தின் முறை, துயரைப் பாட்டில் கரைக்கும் தென்னிந்திய மரபைச் சார்ந்தது. ஞானசௌந்தரியில் காலத்தைக் கடத்திய பாடல் இங்கே பாரத்தைச் சுமக்கிறது. ஊர் ஊராகச் சென்ற படக்குழுக்கள் இப்படத்தைத் திறந்தவெளியில் காட்டின. சிலுவையின் பின்னே நடக்கும் கூட்டத்தை இழவு வீட்டிலிருந்து புறப்படும் ஊர்வலத்தோடு ஒப்பிட்டு உணர, ஊர்ப்புறப் பார்வையாளருக்கு விளக்கம் தேவைப்பட்டிராது.

பீட்டர் சைக்ஸ், ஜான் கிரிஷ் ஆகியோர் இயக்கிய 'இயேசு' (1979) வேறொரு வழியில் செல்கிறது. இசுரேலில் படமாக்கப்பட்ட இதில் பிரிட்டானிய நடிகர் பிரையன் டீக்கன் இயேசுவாக நடித்தார். லூக்கா நற்செய்தியை அடியொற்றிய இப்படம் 2,000க்கும் மேற்பட்ட மொழிகளில் ஒலிமாற்றம் பெற்றுள்ளது. அவற்றுள் தமிழும் ஒன்று. இதன் ஒலித்தடம் வானொலிக்குரிய ஒலிநாடகமாகவும் பயன்பட்டது. ஆகவே கண்மூடிக் கேட்கும் சோதனையை இப்படத்தின்மேல் நாம் வலிந்து திணிக்கவில்லை. படமே அதற்கு உடன்பட்டுள்ளது.

அச்சோதனையில் இப்படம் தடுமாறுகிறது. நற்செய்தி வாசகத்துக்கு நெருக்கமாக நிற்கவேண்டும் என்னும் பற்றுறுதியால் தமிழ் ஒலிப்பதிவில் திருமறை மொழியே மேலோங்குகிறது. மீனவரும் ஆளுநரும், வரிதண்டுபவரும் மறைநூல் அறிஞரும் ஏறத்தாழ ஒரே நடையில் பேசுகின்றனர். வேற்றுமொழி வாயசைவுக்குள் தமிழ்த் தொடரை அடக்கவேண்டிய கட்டாயம் பேச்சின் இயல்பான ஏற்ற இறக்கத்தையும் குறைக்கிறது. முகம் தெரிந்தால் பேதுருவைப் பேதுரு என்று அறியலாம். முகம் தெரியாதபோது அவர் சொற்களைக் கொண்டு அவரை அடையாளம் காண இயலவில்லை. ஆச்சி இரண்டு மணி நேரம் ஒரே வினாவைக் கேட்டதற்கு அவரது கண் மட்டுமே காரணம் அன்று.

6. காணாத இயேசு: ஒலிநாடகம் கற்பிப்பது

இச்சிக்கலுக்கு வேறொரு நாட்டில் வேறொரு விடை காணப்பட்டது. டோரதி எல். சேயர்சு எழுதிய 'தி மேன் பார்ன் டு பி கிங்' என்னும் 12 ஒலிநாடகங்களின் வரிசையைப் பிபிசி 1941 டிசம்பர் முதல் 1942 அக்டோபர் வரை சிறுவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பியது. மேடையில் கடவுளை நடித்துக்காட்ட இங்கிலாந்தின் அன்றைய தணிக்கை முறை இடம் தரவில்லை. வானொலியில் காட்டுவதற்கு உருவமே இல்லை. ஆகவே குரல் மட்டும் நுழைய வழி கிடைத்தது. எனினும் முதல் நாடகம் ஒலிபரப்பாகுமுன்பே கடும் எதிர்ப்பு எழுந்தது. இயேசு நடிகர் ஒருவரின் குரலில் பேசுவதை மட்டுமன்றி, சீடர்கள் அன்றாடப் பேச்சு ஆங்கிலத்தில் உரையாடுவதையும் எதிர்ப்பாளர்கள் கண்டித்தனர். மத்தேயு இலண்டன் எளிய மக்களின் கொச்சையில் பேசியது அவர்களுக்குப் புனிதக் குலைவாகத் தோன்றியது.

சேயர்சின் முடிவு சமயத் துணிவால் மட்டும் பிறந்ததன்று. கலைத்தேவையும் அதனுள் உண்டு. பன்னிருவரும் பழைய விவிலிய நடையிலேயே பேசினால், அடுப்படியில் வேலை செய்துகொண்டே கேட்கும் தாய்க்கும் தரையில் படுத்துக் கேட்கும் சிறுவனுக்கும் யார் பேசுகிறார் என்பது விளங்காது. பேச்சு வேறுபாடே ஒலிநாடகத்தில் முகவேறுபாடு. சேயர்சு தம் பாத்திரங்களுக்குக் கூற்றைத் தந்தார். கேட்போர்க்குத் துறைக்குறிப்பு தேவைப்படவில்லை.

தமிழில் சிற்றலை வானொலி வழியாகச் சீசெல்சிலிருந்தும் மணிலாவிலிருந்தும் கிறித்தவ நிகழ்ச்சிகள் ஒலித்த காலம் உண்டு. அலை ஏறி இறங்க, இரைச்சலுக்கிடையே காது கொடுத்துக் கேட்டவர்கள் நம் மூத்த தலைமுறையினர். இரைச்சலைத் தாண்டி வந்து சேரவேண்டிய உரையாடலுக்குத் தெளிவான குரல் வேறுபாடும் பேச்சுச் சாயலும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. இருப்பினும் சமய உரையாடல் என்றாலே எழுத்துமொழி என்னும் நெறி பெரிதும் மாறவில்லை. பேச்சுமொழி புனிதத்தைக் குறைக்கும் என்னும் அச்சம் அதன் அடியில் உள்ளது. அவ்வச்சத்தைத் தமிழ் மரபு மெய்ப்பிக்கவில்லை. பள்ளும் குறவஞ்சியும் பேச்சுவழக்கைத் தயங்காமல் ஏற்றன. பெத்லகேம் குறவஞ்சியை இயற்றிய வேதநாயக சாத்திரியார் அவ்வடிவத்தையே கிறித்தவப் பொருளுக்கும் உரியதாக்கினார். கைக்கு எட்டும் தொலைவில் இத்தகைய மரபு இருக்க, ஒலிநாடகம் ஏன் மொழிபெயர்ப்பு நடையில் தேங்கவேண்டும் என்பது எழுப்பத்தக்க வினா.

7. திறந்தவெளி என்னும் உரை

படத்தின் குறையைச் சுட்டியபின் அவ்விரவின் நிறைவையும் சொல்லாவிட்டால் மதிப்பீடு ஒருதலையாகிவிடும். திறந்தவெளிக் காட்சி அரங்கக் காட்சி போன்றதன்று. பொழுது முற்றும் சாய்ந்தாலன்றித் துணியில் உருவம் தெரியாது. எனவே கூட்டம் முன்னரே வந்து காத்திருந்து கதை பேசும். காற்றடித்தால் துணி உப்பும், உருவங்கள் நெளியும். இடம் கிடைக்காதவர்கள் துணியின் மறுபுறம் அமர்ந்து இடவலம் மாறிய படத்தைக் காண்பார்கள். படச்சுருள் காலத்தில் ஒவ்வொரு சுருள் மாற்றும்போதும் ஓர் இடைவெளி கிடைத்தது. அதில் பெரியவர்கள் கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொன்னார்கள். சிவகங்கை மாவட்டம் இடைக்காட்டூர் போன்ற ஊர்களில் நடைபெறும் பாஸ்காவிலும் இதே நிலைதான். பாடுகளின் வரலாறு அனைவர்க்கும் தெரியும். முடிவறிய எவரும் வருவதில்லை. அறிந்ததை ஒன்றாக இருந்து மீண்டும் உணர வருகின்றனர்.

இத்தகைய வெளியில் குடும்பமே உரையாசிரியராகிறது. பாட்டி வினவுகிறார், பேரன் விடை தருகிறான், பேரனின் விடை தவறானால் பின்வரிசையிலிருந்து அத்தை திருத்துகிறார். படத்தின் நடை விட்ட இடைவெளியைக் கேட்போரின் பேச்சு நிரப்புகிறது. ஒலிப்பதிவில் இல்லாத நெல்லைத் தமிழ் பாயின்மேல் இருந்தது. அன்று அந்த மீனவர் பேசியது ஆச்சியின் காதில் விழுந்தது பேரனின் வாய்ச்சொல்லாகவே.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். இப்படங்கள் சமயப் பரப்பலுக்காகக் கொண்டுசெல்லப்பட்டவை. அவற்றைக் குடும்ப மகிழ்ச்சியின் பெயரால் ஆராய்வது நோக்கத்தை மறைப்பதாகாதா? நோக்கம் மறைக்கத்தக்கதன்று, அது வரலாற்று உண்மை. ஆயினும் ஆக்கியோரின் நோக்கமும் கேட்போரின் துய்ப்பும் ஒன்றல்ல. திடலில் கூடியவர்களுள் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். கடலை வாங்கித் தின்றவர்களும், உறங்கியவர்களும், அழுதவர்களும் இருந்தனர். செய்யுளுறுப்புகளுள் கூற்றோடு கேட்போரையும் சேர்த்து எண்ணிய இலக்கண மரபுக்கு உரிய நாம், திரை ஆய்வில் மட்டும் கேட்போரை விட்டுவிடுவது பொருந்தாது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கிறித்தவத் திரைப்படங்களின் வெற்றிக்குச் சமயப் பொருள் மட்டும் காரணம் அன்று. அழுகை, மருட்கை, உவகை என்னும் மெய்ப்பாடுகளின் ஒழுங்கும் பாடல்வழிக் கதைகூறலும் காரணங்கள். இரண்டாவதாக, இவை திறந்தவெளியில் குடும்பமாகத் துய்க்கப்பட்டமையால், அத்துய்ப்பையும் ஆய்வுப் பொருளாகக் கொண்டாலன்றி மதிப்பீடு நிறைவு பெறாது. மூன்றாவதாக, ஒலிமாற்றப் படங்களிலும் ஒலிநாடகங்களிலும் கூற்று வேறுபாடு இன்மை சமயப் பற்றின் பெயரால் பொறுத்துக்கொள்ளப்பட்ட கலைக்குறையாகும்.

இம்மூன்றாவது செய்தி இன்று முன்னினும் முதன்மை பெறுகிறது. அதே படமும் ஒலிநாடகமும் இப்போது கைப்பேசியில் கிடைக்கின்றன. காதில் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டு ஒவ்வொருவரும் தனியே கேட்கின்றனர். அங்கே பாயும் இல்லை, பின்வரிசை அத்தையும் இல்லை. குடும்பம் செய்துவந்த உரைப்பணியை இனி ஒலிநாடகமே செய்தாக வேண்டும்; பாத்திரங்களுக்கு அவரவர் தமிழைக் கொடுத்தாலன்றி அது கைகூடாது. பார்வை மங்கியோர் குறித்த அக்கறையும் இதில் அடங்கும். ஆச்சி மறைந்து ஆண்டுகள் பல ஆயின. தனியே கேட்கும் வேறொரு பாட்டி அதே வினாவை இன்று எழுப்பினால், விடை சொல்ல அருகில் பேரன் இல்லாமற் போகலாம். அவ்வினா எழாதவாறு எழுதப்படும் தமிழ் ஒலிநாடகமே நாம் எதிர்நோக்கவேண்டிய ஆக்கம். அதுவரை, படம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் குடும்பங்கள் பேசிக்கொண்ட பேச்சையும் தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாற்றில் சேர்த்து எண்ணுவது ஆய்வாளர் கடமை.